பசித்த நிழல்

“இன்னும் ஒரு சுத்து முடுக்கு” என்று கோமதிநாயகம் பின்னாலிருந்து சொன்னதும், ஏற்கெனவே முடுக்கி முடித்திருந்த திருகைத் தங்கபுஷ்பம் மறுபடியும் முடுக்கினாள். நீராவியில் வேகவைத்துக் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவின் வயிற்றுக்குள் அவளுடைய கண்ணாடிக் குழாய்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன, நீராவி ஏறும் சத்தம் கேட்டது, முள் மெல்ல நகர்ந்து சிவப்புக் கோட்டைத் தொட்டது, அதன் பிறகும் அவர் போகவில்லை. பஞ்சடைத்த அந்தக் குழாய்களுக்குள் இருந்த பூஞ்சை முழுக்கச் செத்ததைப் பார்த்துவிட்டுத்தான் போவது என்று கைகட்டி நின்றார். கதவைத் திறந்தபோது வெந்த உருளைக்கிழங்கின் வாசனையோடு ஆவி வெளியே வந்து அவருடைய மூக்குக் கண்ணாடியை மூடியது. அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அழாத புஷ்பம். ஒரு நாத்தம் தொலைஞ்சுதுன்னு நெனச்சுக்கோ” என்றார். அவள் அழவில்லை. ஆவியில் முகம் நனைந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பூஞ்சையை அவள் மருந்துக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் உப்பளத்துக் குடிசை ஒன்றின் மக்கிய பனையோலைக் கூரையில் கண்டெடுத்திருந்தாள். சேற்றுப்புண்ணையும் படர்தாமரையையும் உண்டாக்கும் பூசணங்களைக் கொல்லும் மருந்து ஒன்றை அந்தப் பூசணம் தன் உடம்பிலிருந்தே கசியவிட்டது. கம்பெனி அதற்கென்று கொட்டகை போட்டது, எஃகுத் தொட்டிகள் வைத்தது, வெல்லப்பாகும் மக்காச்சோளக் கஞ்சியும் ஊற்றி வளர்த்தது. விதைக்கான பூஞ்சை இருந்த தாய்க் குழாய்களைக் காப்பாற்றி வைத்திருப்பது புஷ்பத்தின் வேலை. இடையில் அவளுக்குக் கல்யாணமும் ஆனது. புருஷன் கப்பல் வேலைக்குப் போன இடத்தில் ஏதோ ஒரு துறைமுகத்தில் தங்கிவிட்டான். பூஞ்சை தங்கியது.

டாக்டர் கோமதிநாயகம் வேதியியல்காரர். தாரிலிருந்து பிரித்த திரவங்களைக் கண்ணாடிக் கலங்களில் ஒன்றோடொன்று கோத்து, சூடாக்கி, குளிர்வித்து, வடித்து, எந்தப் பூசணத்தின் தயவும் இல்லாமல் அதே மருந்தை வெள்ளைப் பொடியாகச் செய்து காட்டினார். பூசணத்துக்கு மழை வந்தால் ஒரு குணம், வெயில் வந்தால் ஒரு குணம், கஞ்சி புளித்தால் தொட்டியோடு கொட்ட வேண்டியது, என் கலத்துக்குக் குணமே கிடையாது, அதுதான் அதன் குணம் என்று கூட்டத்தில் சொன்னார். இரண்டு பொடிகளையும் இரண்டு கண்ணாடித் தட்டுகளில் வைத்து நீட்டினார்கள். எந்த இயந்திரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. புஷ்பத்திடமும் கேட்டார்கள், முகர்ந்து பார்த்தாள், விரல் நுனியில் தேய்த்துப் பார்த்தாள், இரண்டும் ஒன்றுதான் என்று உண்மையைச் சொன்னாள். கொட்டகையை மூடுங்கள், தொட்டியை உடையுங்கள், ஒரே ஒரு குழாயை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள் என்றுதான் பிறகு கோமதிநாயகத்திடம் தனியாகப் போய்க் கேட்டாள். வெளியே எவன் கைக்காவது போய்விடும், தாயும் தகப்பனும் இல்லாத சரக்குதான் சுத்தமான சரக்கு என்று சொல்லிவிட்டார். கொல்வதற்கு ஆள் வைக்கவில்லை. வளர்த்த கையே செய்யட்டும் என்று அவளையே செய்யச் சொல்லி, தாம் எதையும் தொடாமல் நின்றார்.

மறுநாள் காலையில் கேன்டீன் வாசலில் கிழக்கு வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று அவர் டீ குடித்துவிட்டுப் போன பிறகு, அவருடைய நிழல் சுவரிலேயே இருந்தது. சாம்பல் பூத்த பச்சை நிறத்தில், வெல்வெட்டுத் துணியை வெட்டி ஒட்டியதுபோல, வழுக்கையும் காதுகளும் மூக்குக் கண்ணாடியின் விளிம்பும் கையில் பிடித்திருந்த தம்ளருமாகப் பூசணம் பூத்திருந்தது. கேன்டீன்காரர் சூசை அதைப் பார்த்துவிட்டு, சுவரைத் தேய்க்கவில்லை என்று பாத்திரம் கழுவுகிறவர்களை ஏசினார். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தார்கள். மத்தியானம் கேட்டருகே வாட்ச்மேன் கூண்டின் மேல் ஒன்று பூத்தது, சாயங்காலம் நூலகச் சுவரில் நீளமாக, தலை ஓட்டுக்கூரையில் மடங்கி இன்னொன்று பூத்தது. அவர் ஒரு டீ குடிக்கிற நேரம் வெயிலில் எங்கே நின்றாலும் அங்கே அவர் அளவுக்கு ஒரு பூசணம்.

ஊருக்கு அது முதலில் வெள்ளையடிக்கிற பிரச்சினையாகத்தான் இருந்தது. சார் கொஞ்சம் தெருவின் நடுவாக நடந்து போனால் நல்லது என்று குவார்ட்டர்ஸ் பெண்கள் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். பஸ்ஸில் வெயில் விழாத பக்கத்து சீட்டை அவருக்கென்று ஒதுக்கிவைத்தார்கள், முன்பு யாரும் அவருக்கு எழுந்து இடம் தந்ததில்லை. அவர் மனைவி உலகம்மாள் துணி காயப்போடும்போது அவரை வீட்டுக்குள் இருக்கச் சொன்னாள். வாட்ச்மேன் மாசானம் மட்டும், தான் இத்தனை வருஷம் கேட்டில் நின்றும் தன் நிழல் ஒரு புல்லைக்கூட முளைக்கவைக்கவில்லை, படித்தவர்கள் நிழலுக்கு உள்ள வளம் வேறுதான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

புஷ்பம் அதற்குள் பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் சுவரைப் பார்த்தவள், கூட்டத்துக்குள் முதுகைக் காட்டிப் போகிற பிள்ளையை நடையை வைத்தே கண்டுபிடிப்பதுபோல, பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டாள். விளிம்பில் மஞ்சள் ஓடும் விதம், நடுவில் மடிப்பு விழும் விதம், மழைக்கு முந்தைய மண்போல ஒரு வாசனை, எல்லாம் அதுதான். ஊசியைத் தீயில் காட்டி ஆறவைத்து, சுவரிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, வீட்டில் உருளைக்கிழங்குக் கஞ்சி காய்ச்சி உறையவைத்து, பழைய பதத்திலேயே விதைத்தாள். ஒட்டவில்லை. பனையோலையை ஊறவைத்து அதில் விதைத்தாள். ஒட்டவில்லை. வெல்லப்பாகிலும் இல்லை, மக்காச்சோளத்திலும் இல்லை. அவளுடைய அடுக்களையில் கருகிப்போன அது, மறுநாள் அவர் எச்சில் துப்பிவிட்டுச் சற்று நேரம் நின்ற சாக்கடைச் சுவரில் கொழுகொழுவென்று பூத்திருந்தது.

அதில் மருந்து இருக்கிறது என்று கண்டுபிடித்தவள் பேச்சிக்கனி. உப்பளத்தில் பாத்தி மிதிக்கிறவள், உப்புத் தண்ணீரில் நின்று நின்று விரலிடுக்கெல்லாம் வெந்து, நடக்கும்போது கண் சொருகும். கேட்டுப் பக்கம் வந்தவள் கம்பவுண்டுச் சுவரில் கோமதிநாயகத்தின் பாதம் விழுந்த இடத்தில், குளுமையாக இருக்கிறதே என்று தன் பாதத்தை வைத்து ஒரு மூச்சு நின்றாள். வீட்டுக்குப் போகும்போது அரிப்பு இல்லை. இரண்டொரு நாளில் தோல் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு உப்பளமே வந்தது. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டு நாளெல்லாம் ஈரத்தில் நிற்கிற தொழிற்சாலை ஆட்கள் வந்தார்கள். இடுப்பில் படர்தாமரையை வைத்துக்கொண்டு யாரிடமும் காட்டாமல் வருஷக்கணக்கில் சொறிந்துகொண்டிருந்த பெண்கள், உலகம்மாள் உட்பட, முந்தானையால் மறைத்துக்கொண்டு வந்து சுவரோடு சாய்ந்து நின்றார்கள். அந்த ஊரில் செய்த மருந்து ஊரைத் தாண்டி எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. ஊரில் தங்கிய மருந்து இதுதான்.

உப்பளத்துக்காரர்கள் கேட்டுக்கு வெளியே மண் குழைத்து ஒரு சுவர் எழுப்பி, சுண்ணாம்படித்து, அவரைக் கூப்பிட்டு அதன் முன்னால் நிறுத்தினார்கள். முதல் நாள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு குனியவில்லை. ஆபீசுக்குப் போகுமுன் சட்டையை உதறிவிட்டு, பெரிய நிழலாக விழட்டும் என்று கைகளை அகட்டி நிற்கத் தொடங்கினார். புது வீட்டில் பால் காய்ச்சுமுன் அவர் வந்து ஒரு சுவரில் நிழல் விட்டுப் போவது வழக்கமானது. கல்யாண வீட்டில் மணவறைக்குப் பின்னால் வெயில் விழும் பக்கமாக அவருக்கு நாற்காலி போட்டார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கலாமா என்று கேட்டார்கள், அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாரைவிட சார் நிழலுக்கு இரக்கம் ஜாஸ்தி என்று மாசானம் சொன்னதையும் சிரித்துக்கொண்டே கேட்டார்.

ஒரு நாள் பேக்கிங் பிரிவுக்குள் வந்து புஷ்பத்தின் மேசைக்கு எதிரே நின்றார். மற்றவர்கள் எழுந்தார்கள். அவள் மடித்துக்கொண்டிருந்த பெட்டியை மடித்து முடித்தாள்.

“பாத்தியா புஷ்பம், நீ கொன்னுட்டே. அது எங்கிட்ட வந்து பொழச்சிருக்கு” என்றார். “ஒனக்கு வருத்தமாத்தான் இருக்கும்.”

நீ கொன்னுட்டே. அந்த வார்த்தையை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள், குழம்பு கூட்டும்போதும் தலை துவட்டும்போதும் அது கூடவே இருந்தது. திருகை முடுக்கிய தன் கையைப் பார்த்தாள், அந்தக் கைக்குப் பின்னால் நின்ற குரலை நினைத்துப் பார்த்தாள், அந்தக் குரல் கைகட்டி நின்றதை நினைத்துப் பார்த்தாள், அவரைப் பற்றி அதுவரை அவளிடமிருந்த துக்கம் உறைந்து கெட்டியாகி, கையில் எடுத்துப் பிடிக்கக்கூடிய ஒரு பொருளாக ஆனது.

நன்றி தெரிவிக்க ஊருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், சோறு போடுவது. புண் ஆறியவர்கள் சுவருக்குப் பால் ஊற்றினார்கள், பானகம் தெளித்தார்கள், சர்க்கரைப் பொங்கலை உருண்டை பிடித்து நிழலின் வாய் இருக்கும் இடத்தில் அப்பினார்கள். கோமதிநாயகத்துக்கும் வீட்டுக்கு வீடு விருந்து. சுவரில் பூசணம் ஜமுக்காளம்போலத் தடித்தது, நிழலுக்குத் தொப்பை விழுந்தது, மோவாய் இரண்டானது. என்ன செழிப்பு என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அது எதில் போய் முடியும் என்று தெரிந்த ஒரே ஆள் தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போனாள், பால் சொம்போடு நிற்கிறவர்கள் வழிவிட்டால் ஒதுங்கிப் போனாள், ஒன்றும் சொல்லவில்லை.

சேற்றுப்புண் திரும்ப வந்தது. காலை வைத்தால் மெத்தென்று இருந்தது, குளுமை இல்லை, அரிப்பு நிற்கவில்லை. சார் மனசில்லாமல் நிற்கிறார் என்று ஒரு பேச்சு, வேறு ஊருக்குக் கேட்கிறார்களாம் என்று ஒரு பேச்சு. இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்கள் சார் என்று கெஞ்சினார்கள், பிறகு கெஞ்சல் குறைந்து நேரம் கூடியது. அவர் தொழிற்சாலையிலிருந்து ஒரு டப்பா நிறையத் தம்முடைய மருந்தைக் கொண்டுவந்து கொடுத்தார், இதுவும் அதுவும் ஒன்றுதான், பூசிப் பாருங்கள் என்றார். பூசினார்கள், அதே குளுமை, அதேபோல ஆறியது, யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் டப்பா தீர்ந்துபோனது, அடுத்த டப்பா வெளியே போகக் கம்பெனி விடவில்லை. நிழல் தினமும் காலையில் வந்தது.

பேச்சிக்கனி புஷ்பத்தின் வீட்டுக்கு வந்து நடையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டினாள். விரலிடுக்கு வெள்ளையாக ஊறியிருந்தது.

“நீதான வளத்த. ஒனக்குத் தெரியாம இருக்குமா? அதுக்கு என்னட்டி கொறச்ச?”

“கொறச்ச இல்ல மதினி, கூடிப்போச்சு” என்றாள் புஷ்பம். “வயிறு நெறைஞ்சா அது வளரும், சுரக்காது. தொட்டியிலயும் அப்படித்தான். பாகெல்லாம் தீந்து, பசியில கெடக்கும்போதுதான் மருந்து கசியும். நாங்க காத்துக் கெடப்போம்.”

“அட சவமே. பாலும் பொங்கலும் போட்டுக் கெடுத்தோமா. இன்னைக்கே செவுத்தக் கழுவிருதேன்.”

“கழுவுங்க.” பேச்சிக்கனி எழுந்து செருப்பில் காலை நுழைக்கும்வரை புஷ்பம் காத்திருந்தாள். “ஆனா அது செவுத்தத் திங்கல மதினி. யார் நெழலோ அவுக திங்கறதத்தான் அதுவும் திங்குது.”

அது உண்மையா என்று அவளுக்குத் தெரியாது. தொட்டியிலும் குழாயிலும் கற்ற எதிலும் அது இல்லை, சொல்லும்போது அவள் அறிந்து சொன்னதும் இல்லை, கையில் கெட்டியாக இருந்த அந்தப் பொருளை எடுத்து எறிந்தாள், அவ்வளவுதான். ஆனால் மறுநாள் கேன்டீனில் சூசை, தப்பாக நினைக்காதீர்கள் சார் என்று சொல்லி இட்லித் தட்டை அவர் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டார், மத்தியானம் ஒரு வீட்டிலும் அழைக்கவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் சுண்ணாம்புச் சுவரில் அவர் நிழல் மெலிந்து பூத்தபோது, அதன் மேலெல்லாம் தேன்போல மஞ்சள் துளிகள் நின்றன. பேச்சிக்கனி பாதத்தை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, “வந்துட்டு” என்றாள்.

அவரைப் பட்டினி போடுவதில் யாருக்கும் கோபம் இருக்கவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கும்பிட்டுக்கொண்டே கொடுக்காமல் இருந்தார்கள். கடையில் பழம் கேட்டால் கடைக்காரர் கண்கலங்கி, என் மகள் கால் இப்போதுதான் சார் ஆறிவருது என்றார். அவர் ஊரைவிட்டுப் போகப் பஸ் ஏறினால் வெயில்படாத சீட்டில் உட்காரவைத்து, ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக் கேட்டிலேயே இறக்கிவிட்டார்கள். வீட்டிலிருந்தும் எதுவும் வந்துவிடாமல் மாசானம் அவர் பக்கத்திலேயே காவல் இருந்தான். அளவு தெரியாமல் முழுப் பட்டினி போட்டதில் ஒரு தடவை பூசணம் சுருங்கி உதிரப் பார்த்தது. அதற்குப் பிறகு ஊரே சேர்ந்து போய் பேக்கிங் பிரிவிலிருந்து புஷ்பத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டுவந்து, சுவரருகே ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்து, இனி சார் என்ன சாப்பிடலாம் என்று நீதான் சொல்ல வேண்டும் என்றார்கள்.

அவள் அதை நன்றாகச் செய்தாள். அந்த வேலை அவளுக்குப் பழகியது. எழுந்ததும் வந்து துளிகளின் நிறம் பார்ப்பாள், முகர்வாள், விரலில் தொட்டுத் தேய்ப்பாள், இன்றைக்கு அரைக் கரண்டி கஞ்சி, உப்பு வேண்டாம் என்பாள். அவள் சொல்கிற பதத்தில் நிழல் கொழுக்கவும் இல்லை, உதிரவும் இல்லை, நாள்தோறும் சுரந்தது. தன் பூஞ்சையோடு அவள் மறுபடியும் இருந்தாள். அது வேறெங்கும் பிழைக்காது என்பதால் அவரோடும் இருந்தாள். அவருடைய சட்டை தொளதொளத்தது, மெலிந்த நிழலில் முன்போலப் பலர் காலை வைக்க இடமில்லை, அதனால் சாயங்காலமும் நிற்கவைத்தார்கள்.

வரிசை கலைந்த ஒரு மத்தியானம் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நீ சொன்னா விடுவாங்க புஷ்பம். நெழலு வேற, ஆளு வேறன்னு ஒரு வார்த்த சொல்லிரு.”

அவள் துளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரே ஒரு கொழாய் கேட்டேன் சார்” என்றாள்.

அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். பிறகு, “கேட்ட. குடுத்திருக்கலாம்” என்றார். உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. “கொன்னது நான்தான். ஒன் கையி இல்ல. ஒன் கைய நான் எடுத்துக்கிட்டேன்.”

இதைத்தான் அவள் கேட்க வேண்டும் என்று இருந்தாள். எத்தனையோ தடவை அவர் வாயில் வைத்துப் பார்த்த அதே வார்த்தைகள், அதே வரிசையில், அவள் நினைத்ததைவிடத் தெளிவாகவே வந்துவிட்டன. அவள் அதை அன்றைக்குத் தட்டில் நீட்டிய பொடியைப்போல முகர்ந்து பார்த்தாள், மனசுக்குள் தேய்த்துப் பார்த்தாள். உள்ளே தானாக ஊறிவந்த வருத்தமா, பசியைக் காய்ச்சி வடித்துச் செய்த வருத்தமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. இரண்டும் இப்படித்தான் இருக்கும். இரண்டுக்கும் ஒரே சொற்கள்தான்.

“நாளைக்கும் சொல்லுங்க சார்” என்றாள். “பாப்போம்.”

மறுநாளும் சொன்னார். அதற்கு மறுநாளும் சொன்னார். ஒரு நாளும் பிசகவில்லை.

அந்த வாரத்தில் ஒரு காலை உலகம்மாள் ரேஷன் கடைப் பக்கமாகச் சுற்றி வந்து, முந்தானைக்குள்ளிருந்து ஒரு டிபன் டப்பாவை எடுத்துப் புஷ்பத்தின் மடியில் வைத்தாள். வேறு யார் அவருக்குக் கொண்டுபோனாலும் மாசானம் திறந்து பார்ப்பான், உன்னை யாரும் கேட்க மாட்டார்கள் என்றாள். இடுப்பில் படர்தாமரை போன இடம் பளிச்சென்று தெரிந்தது. அதை அவள் மறைத்துக்கொண்டாள். “நேத்து ராத்திரி சுவத்த நக்குதாவ புஷ்பம், நான் பாத்தேன். எனக்காக வேண்டாம். ஒரு பொம்பள இன்னொரு பொம்பளட்ட கேக்குதான்னு வச்சுக்க.” புஷ்பம் டப்பாவைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. சரி மைனி, நீங்க போங்க என்றாள். உலகம்மாள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

வெயில் ஏறியது. கோமதிநாயகத்தைக் கூட்டிவந்து சுவருக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கைகளை அகட்டினார். நிழல் மேலே சுவரில் பாதியும் கீழே தரையில் பாதியுமாக விழுந்தது, வரிசை நகரத் தொடங்கியது, பேச்சிக்கனி யாரையோ முந்தாதே என்று அதட்டினாள், மாசானம் ஏதோ சொல்ல நாலைந்து பேர் சிரித்தார்கள். புஷ்பம் முக்காலியை நகர்த்தி, நிழல் விழுந்த குளுமையான இடத்தில் போட்டு உட்கார்ந்து, டப்பாவைத் திறந்தாள். சொதி ஊற்றிப் பிசைந்த சோறு, ஓரத்தில் இஞ்சித் துவையல். தேங்காய்ப்பாலின் வாசனை எழுந்தது. சுவருக்கு முன்னால் நின்றவரின் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது, கண் திறக்கவில்லை.

அவள் சாப்பிட்டாள். அவசரப்படாமல், துவையலை ஒவ்வொரு கவளத்திலும் கொஞ்சமாகத் தொட்டுக்கொண்டு, டப்பாவின் மூலைவரை வழித்துச் சாப்பிட்டாள். வரிசையில் வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போய் ஒவ்வொருவராகக் காலை வைத்தார்கள், ஒருத்தி அவளிடம் துளி இன்றைக்கு நல்ல நிறமாக இருக்கிறதே என்று கேட்டாள், அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். மூடியைப் போடும்போது ஒரு பருக்கை விரலிலிருந்து நழுவி, தரையில் கிடந்த நிழலின் மேல், நெஞ்சருகே விழுந்தது. புஷ்பம் குனிந்து அதைப் பொறுக்கி எடுத்து, ஒட்டியிருந்த மண்ணை ஊதிவிட்டு, வாயில் போட்டுக்கொண்டாள்.